அப்பாவின் கோப்பையில் உன் இலை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீ சுகமா என்று கேட்டுவிட்டு, இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து காதைக் கொடுக்கிறார். அதனால் தையல் மெஷின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. உன் அண்ணன் வந்து பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறான். அது கிடக்கட்டும்.

நம் வேலிச்செடி இலையிலிருந்து நீயும் உன்கூட ஆராய்ச்சி செய்கிறவர்களும் பிரித்தெடுத்த பொருள், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் வைரஸைப் பெருகவிடவில்லை, எலிகளுக்குக் கால் வீக்கம் வடிந்தது என்று ஒருநாள் போனில் சொன்னாயே? ஒரு மூட்டை இலைக்கு ஒரு சிட்டிகைதான் தேறும், மீதியில் என்ன கெடுதல் இருக்கிறதோ தெரியாது, மனிதருக்குக் கொடுக்கப் பல வருஷம் ஆகும் என்றும் சொன்னாய். அந்தப் பாதி அப்பா காதில் ஏறவே இல்லை. மறுநாளே தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். காய்ச்சல்காரர், முட்டிவலிக்காரர் என்று ஆளாளுக்கு வந்து பறித்து வேலியை மொட்டையடித்தார்கள். கொஞ்ச நாளில் மறந்தும் போனார்கள்.

மறக்காதவர் இவர் ஒருவர்தான். காலையும் மாலையும் அதைக் கொதிக்கவைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறார். மூட்டுவாதத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார். லேத் பட்டறையில் இழை பிசகாமல் இரும்பைக் கடைந்த கைக்கு இப்போது சட்டைப் பொத்தான் போட வரவில்லை. நான்தான் போட்டுவிடுகிறேன். கண் மஞ்சளாகத் தெரிந்ததும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரத்தத்தைச் சோதித்துவிட்டு, ஈரல் கெட ஆரம்பித்திருக்கிறது, அந்தத் தண்ணீரை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். இவரோ, "அவர் நோயாளியைப் பாக்கிறவரு, என் பொண்ணு மருந்தையே பாக்கிறவ" என்று எழுந்து வந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவரை விட்டுவிட்டு முன்னால் நடந்து வீடு வந்து சேர்ந்தேன்.

முந்தாநாள் பொத்தான் போடும்போது அழுதுவிட்டேன். அப்போதுதான் வாயைத் திறந்தார். "இது கேக்கலைன்னு எனக்கும் தெரியும். நான் நிறுத்தினா, அவ இத்தனை வருஷம் பாடுபட்டது பொய்யின்னு நாலு பேரு பேச மாட்டாங்களா?" என்றார். அந்த நாலு பேரும் எப்போதோ மறந்தாயிற்று என்றால் நம்பமாட்டேன் என்கிறார். உன் எலிகளுக்குக்கூட உன்மேல் இவ்வளவு விசுவாசம் இருக்காதம்மா.

கெஞ்சினேன், திட்டினேன், கோப்பையை ஒளித்துவைத்தேன். ஓய்ந்துபோய்விட்டேன். உன்மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கடிதம் கிடைத்த உடனே அவரைக் கூப்பிடு. பலிக்காததைப் பலிக்கவில்லை என்று சொல்வதும் உன் வேலைதான், அதில் உனக்கு ஒரு குறைவும் இல்லை என்று உன் வாயால் சொல். நான் எழுதியதைக் காட்டிக்கொடுத்துவிடாதே.

நீ நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. உன் மருந்து ஒருநாள் வரும், முதல் ஆளாக அவரே அதைக் குடிக்கட்டும். அதுவரைக்கும் அவர் இருக்க வேண்டும். நீ "வேண்டாம்ப்பா" என்று சொன்னால் போதும், கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அம்மா