டின்னைத் தாண்டிப் போன எறும்பு

ஒக்டோபர் 31, வெள்ளி இரவு

இந்த மாதம் கடைச் செலவு நான் போட்ட கணக்குக்குள் நின்றுவிட்டது. சீனியில்தான் மிச்சம் பிடித்தேன். பிளேன்டீயில் கலக்காமல், நக்கிக்கொண்டே குடிக்க ஆளுக்கு ஒரு தேக்கரண்டி உள்ளங்கையில் கொட்டிக் கொடுத்தேன். மாசக் கடைசியிலும் டின்னில் பாதி இருக்கிறது.

காலையில் அதைத் திறந்து என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். எல்கடுவ பஸ்ஸில் கண்டக்டர் அவர். நழுவிய காற்சட்டையை இடுப்பில் பிடித்துக்கொண்டு, "சாமானோட சேத்து என்னையும் கொறைச்சிட்டியே" என்றார். நானும் சிரித்தேன். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

பிறகுதான் டின்னை மூடாதது நினைவுக்கு வந்தது. போய்ப் பார்த்தால் எறும்பு வரிசை டின்னை ஒட்டியே போகிறது, ஒன்றுகூட உள்ளே ஏறவில்லை. அப்படி எங்கேதான் போகிறது என்று பின்னால் போனேன். பாத்ரூமில், அவர் சிறுநீர் கழித்த இடத்தில் கறுப்பாக மொய்த்துக் கிடந்தது.

நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்துக் கக்கூசிலும் இப்படித்தான் மொய்த்தது. அப்பாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று அப்போது யாருக்கும் தெரியாது. அடுத்த வருடம் அவருடைய ஒரு காலை வெட்டி எடுத்தார்கள்.

சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினேன். சாயங்காலம் திரும்ப வந்துவிட்டன.

இரவு சாப்பிடும்போது கிளினிக் போகச் சொல்ல வாயெடுத்தேன். "என்ன புள்ள, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். அவர் படுக்கும்போது தலைமாட்டில் பெரிய செம்பு நிறையத் தண்ணீர் வைத்தேன். இந்தப் பக்கத்தைக்கூட எழுதி முடிக்கவில்லை, உள்ளே இருந்து கூப்பிடுகிறார்.

"இந்தா புள்ள, தண்ணி முடிஞ்சிருச்சு."