மஞ்சள் கயிறு கட்டிய தவளை

விக்கிரவாண்டி,
ஐப்பசி, 1984

அன்பு மகன் அரங்கநாதனுக்கு அம்மா கெங்கம்மாள் எழுதுவது. இங்கு எல்லோரும் உடம்பளவில் சுகம், டெல்லிக் குளிரில் நீயும் சுகமாயிருக்க மாரியம்மன் துணையிருப்பாள். மனசளவில் இந்த வீட்டில் யாருக்கும் சுகமில்லையப்பா, காரணம் உன் ஆபீஸ் பைல்தான்.

தவளை வியாபாரத்தைக் கட்டுப்படுத்தப் பல தேசத்தார் கூடப்போகும் கூட்டத்துக்கு நீதான் குறிப்பு தயார் செய்கிறாய் என்று எழுதியிருந்தாயே, அதை உன் தம்பி முருகையன் படித்துவிட்டான். ஆள் வைத்துத் தவளை பிடித்து, தவளைக் காலை வெளிநாட்டார் தின்ன ஏற்றுமதி செய்யும் திண்டிவனம் கம்பெனிக்குச் சாக்கு சாக்காக அனுப்பித்தானே அவன் குடும்பம் ஓடுகிறது. "கூடப் பொறந்தவனே ஆபீஸ்ல உக்காந்துகினு என் சோத்துல மண்ண போடறான்" என்று கத்தினான். அன்றிலிருந்து என் கையால் சாப்பிடாமலே இருந்தான். உன் அப்பாவோ தவளை போனபின் பெருகிவிட்ட பூச்சிக்கு மருந்தடித்து மருந்தடித்துக் கண்ணெரிச்சலோடு கிடக்கிறார். உங்கள் இரண்டு பேரையும் பெற்ற நான் யார் பக்கம் பேசுவேன், நீயே சொல்.

ஐப்பசி பிறந்தும் மழை இல்லையென்று ஊரார் தவளைக் கல்யாணம் வைத்தார்கள். ஏரியெல்லாம் தேடியும் ஒரு ஜோடி அகப்படவில்லை, வெட்கக்கேட்டைக் கேட்டாயா! கடைசியில் முருகையன் வாசலில் வந்து நின்றார்கள். அவன் சாக்கை அவிழ்த்து ஜோடியைக் கொடுத்தான். பெண்ணைக் கொடுத்தவன் என்று அவனையே பெண்ணுக்கு அப்பனாக மணையில் உட்காரவைத்து, மஞ்சள் கயிறு கட்டி, மேளத்தோடு ஏரிக் குட்டையில் விட்டோம். மறுநாள் காலை அவன் ஆட்கள் கொண்டுவந்த சாக்கைக் கொட்டினால், கயிறோடு அந்தப் பெண் தவளை.

"இதையாடா புடிச்சிகினு வந்தீங்க, பாவிங்களா" என்றான். "ஏரில வேற எதுவும் இல்லண்ணே" என்றார்கள். தானே கொண்டுபோய்க் குட்டையில் விட்டான், கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை, அடையாளம் இருக்கட்டும் என்றான். அன்று திண்டிவனத்துக்குச் சாக்கு போகவில்லை. மத்தியானம் என்னிடம் வந்து உட்கார்ந்து சோறு கேட்டான். சாப்பிட்டுக்கொண்டே, "அண்ணன் எழுதறத எழுதட்டும்மா, நான் நாளிக்கி என்னா பண்றதுன்னும் அதுலயே ஒரு வரி எழுதச் சொல்லு" என்றான்.

கூட்டத்தில் தவளைக்காகப் பேச நிறையப் பேர் இருப்பார்கள், பிடிக்கிறவனுக்காகப் பேச அங்கே உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? அந்த ஒரு வரியை மறக்காதே. உன் கை எழுதுவது நல்லதாகவே முடியட்டும், தீர்க்காயுசாக இரு. பொங்கலுக்கு வா, உன்னை அழைக்க ரயிலடிக்குத் தானே வருகிறேன் என்கிறான் உன் தம்பி.

உன் அம்மா,
கெங்கம்மாள்