பேசாமல் பக்கத்தில் அமர்தல்: நீக்கப்படும் நான்காவது கற்றல் விளைவு குறித்து

அனுப்புநர்
முதுநிலை விரிவுரையாளர் (ஓய்வு),
தகவல் தொழில்நுட்பத் துறை.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
பாடத்திட்டக் குழு,
பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடம்.

பொருள்: தகவல் தொழில்நுட்ப இளநிலைப் பட்டம் – புதிய கற்றல் விளைவுகளின் வரைவு – நான்காவது விளைவை மீண்டும் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் ஒரு திருத்தம். நான்காவது விளைவை எழுதியவர் என் மறைந்த கணவர் என்றும், அவர் நினைவுக்காகவே நான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றும் துறையில் பேசிக்கொள்வதாக அறிகிறேன். எழுதியவள் நான். அப்போது துறைத்தலைவராக இருந்த அவர் அதை எதிர்த்தார். "வாயை மூடிட்டு உக்காந்திருக்கறதுக்கு எதுக்கு மேடம் பட்டம்?" என்று குழுவின் முன்னிலையிலேயே கேட்டார். கூட்டங்களில் மட்டும் நான் அவருக்கு மேடம்.

2. அந்த விளைவு இதுதான்: "தான் உருவாக்கிய மென்பொருளை அதை அறியாத ஒருவர் பயன்படுத்தும்போது, மாணவர் குறுக்கிடாமல் அருகில் அமர்ந்து கவனிப்பார்." புதிய வரைவில் இதன் இடத்தில் "பயனர்களுடன் திறம்படத் தொடர்புகொள்வார்" என்று இருக்கிறது. பழையதை அளவிட முடியாது என்று காரணம் கூறப்பட்டுள்ளது.

3. நாங்கள் அளவிட்டோம். தேர்வாளர் பென்சிலுடன் பின்னால் அமர்வார். மாணவர் ஒரு சொல் சொன்னால் ஒரு மதிப்பெண் போகும். விரலை நீட்டிக் காட்டினாலும் அப்படியே. பெருமூச்சுக்கும் குறைப்பதா என்பதில் மட்டும் எங்களுக்குள் கடைசிவரை உடன்பாடு ஏற்படவில்லை.

4. முதல் சோதனை பழைய ஆய்வகத்தில் நடந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குளிர்சாதனம் இயந்திரங்களுக்காகவே ஓடியது. நாங்கள் கம்பளிச் சட்டைக்குள் நடுங்கினோம். அச்சுப்பொறியின் மை வாசம் புடவையோடு வீடுவரை வரும். ஒரு சொல்லும் பேசாமல் இருந்து காட்டுகிறேன் என்று சவால் விட்டு, என் கணவர் தாம் எழுதிய நூலக நிரலை நூலகர் அம்மையாரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்தார். கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு சற்று நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு, "அங்க இல்லீங்க, மேல! மேல!" என்று கத்திவிட்டார். அம்மையார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சார், தினமும் நீங்களே வந்து பக்கத்துல உக்காந்துக்குவீங்களா?" என்றார். அடுத்த கூட்டத்தில் என் தீர்மானத்தை வழிமொழிந்தவர் என் கணவர்தான்.

5. இது வெறும் வேடிக்கை அல்ல என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் மாணவி ஒருத்தி பிரசவ வார்டுக்கு ஒரு நிரல் எழுதினாள். செவிலியர் ஒவ்வொரு முறையும் கையுறையைக் கழற்றித் தட்டச்சு செய்து, புதிய கையுறையை மாட்டிக்கொண்டு தாயிடம் போவதை அவள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்திருந்தால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லிக்கொடுத்திருப்பாள். கையுறை கண்ணில் பட்டிருக்காது. முழங்கையால் தட்டக்கூடிய பெரிய கட்டங்களாகத் திரையை மாற்றி எழுதினாள்.

6. பணி ஓய்வுக்குப் பிறகு நான் முதல் கைபேசி வாங்கியபோது, என் கணவர் எதிர் நாற்காலியில் இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கி, நானே கண்டுபிடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். என் திருமண வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதை முதலாவதாக வைப்பேன். அந்தத் தேர்வு பெயரளவுக்கு ஆகிவிட்ட இன்று, வங்கியிலும் மருத்துவமனையிலும் நம் பட்டதாரிகள், "குடுங்கம்மா, நானே போட்டுத் தரேன்" என்று கைபேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார்கள். அன்பால்தான் செய்கிறார்கள். ஆனால் நான் எங்கே தடுமாறினேன் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

7. எனவே, வரும் கூட்டத்தில் வரைவு நிறைவேறுவதற்கு முன், நான்காவது விளைவை அதன் பழைய வாசகத்திலேயே சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சேர்த்த முதல் ஆண்டில் தேர்வாளராக ஊதியமின்றி அமர எனக்குச் சம்மதம்; பென்சில் நானே கொண்டுவருவேன்.

8. இது பற்றித் தங்கள் அலுவலகத்தில் இருமுறை தொலைபேசியில் கேட்டேன். "பார்த்துக்கலாம்மா" என்றார்கள். சேர்ப்பதானாலும் மறுப்பதானாலும், காரணத்துடன் எழுத்து மூலம் பதில் அளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
முதுநிலை விரிவுரையாளர் (ஓய்வு)

இடம்: ஆசிரியர் குடியிருப்புக்குப் பின் தெரு
நாள்: மார்ச் 4