படிக்கிணற்றுச் சுவரை என் பெயரால் இடிக்க வேண்டாம்

அனுப்புநர்:
கலீமுல்லா, தகப்பனார் காலஞ்சென்ற அதாவுல்லா,
தண்ணீர் சுமக்கும் பிஸ்தி,
கிணற்றுச் சந்து, ரஹ்மத்பேட்டை,
ஆம்பூர் வழி.

பெறுநர்:
வடஆற்காடு ஜில்லா கலெக்டர் துரை அவர்கள்,
வேலூர்.

விஷயம்: ரஹ்மத்பேட்டைக் கலாசாலைப் படிக்கிணற்றில் மாணவர் சுகாதார சங்கத்தார் கட்டிய சுவரை வருகிற திங்கட்கிழமை இடிக்கும்படி எங்கள் யூனியன் போர்டார் பிறப்பித்த உத்தரவை நிறுத்தி வைக்கக் கோருவது.

மகா கனம் பொருந்திய ஐயா,

1. இந்த மனுவைச் சொல்பவன் நான். எழுதுபவர் தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதும் ஆதிகேசவன். எனக்குக் கையெழுத்துப் போட வராது. ஆனால் கண் இருக்கிறது. நான் பார்த்ததைத் தாங்களும் பார்த்திருந்தால் இந்த உத்தரவு பிறந்தே இருக்காது என்ற தைரியமும் இருக்கிறது. மனுவில் கதை வரக்கூடாது என்று ஆதிகேசவன் சொல்கிறார். "கோரிக்கைய மட்டும் சொல்லு பாய், ஜாஸ்தி இருந்தா தொர படிக்கமாட்டாரு" என்கிறார். நான் விடவில்லை. ஆகவே இது கொஞ்சம் நீளும், பொறுத்தருள வேண்டும்.

2. உத்தரவில் கண்டிருப்பது இது: மேற்படி கிணறு தர்மத்துக்காக வெட்டப்பட்டது, கலாசாலைக்கும் தெருவுக்கும் பொதுவானது, மாணவர்கள் அனுமதியின்றிப் படிகளின் மேல்முனையில் சுவர் எழுப்பிவிட்டதால் "பிஸ்தி கலீமுல்லா என்பவன் கிணற்றில் இறங்க வழியின்றி ஜீவனத்துக்குத் திண்டாடுகிறான்", ஆகவே சுவரை இடித்துப் படியை முன்போல் திறந்துவிட வேண்டும். ஐயா, அந்தக் கலீமுல்லா நான்தான். நான் திண்டாடவில்லை. யாரிடமும் முறையிடவில்லை. என்னை ஒருவரும் கேட்கவுமில்லை. கலாசாலை வாசலில் ஒட்டியிருந்த உத்தரவை வேறொருவர் படித்துச் சொல்லித்தான், நான் திண்டாடுகிற செய்தியே எனக்குத் தெரிந்தது.

3. என் தொழில் தாங்கள் அறிந்ததே. ஆட்டுத்தோல் பையை, நாங்கள் மஷக் என்போம், முதுகில் மாட்டிக்கொண்டு படியிறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, பையின் வாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி நிரப்பி, மேலே ஏறிக் கலாசாலை ஆஸ்டலுக்கும் சந்திலுள்ள வீடுகளுக்கும் ஊற்றுவேன். என் தகப்பனார் செய்ததும் அதுவே.

4. கோடை வந்தால் எங்கள் பேட்டைக்கு நரம்புச் சிலந்தி வரும். எங்கள் வீட்டுப் பேச்சில் அதற்கு நாரு என்று பெயர். காலில் ஒரு கொப்புளம் எழும்பும். அடுப்புக் கங்கை வைத்துக் கட்டியது போல எரியும். அது உடைந்து வெள்ளை நூலைப் போல ஒரு புழு தலைநீட்டும். கலாசாலைப் பிள்ளைகள் பரீட்சை எழுதப் போவதே நொண்டிக்கொண்டுதான். எரிச்சல் தாங்காமல் எல்லோரும் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு: கிணற்றுப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விடுவது. சுண்ணாம்புக் குழியில் நின்று தோல் கழுவுகிறவர்கள் வேலை விட்டதும் நேரே அங்கேதான் வருவார்கள். தண்ணீர் பட்டதும் சுகமாக இருக்கும். பக்கத்திலேயே நான் மஷக்கை நிரப்பிக்கொண்டிருப்பேன். அதில் தப்பு இருப்பதாக எங்கள் ஊரில் எந்தப் பெரிய மனிதருக்கும் தோன்றவில்லை.

5. இப்படி இருக்கையில், வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மாள் வந்து கலாசாலையில் பேசிவிட்டுப் போனார். அதன்பின் பிள்ளைகள் சுகாதார சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். முன்னின்றவர்கள் இருவர். ஒருவர் நிசார் அஹமது, தோல் பதனிடும் ஷாப்பு முதலாளியின் மகன். மற்றவர் லோகநாதன், குடியாத்தத்துக் கைத்தறிக் குடும்பத்துப் பிள்ளை, ஆஸ்டலில் இருந்தவர். காலையில் மைதானத்தில் எல்லோரையும் நிறுத்திக் கையைக் காலை ஆட்டவைத்தார்கள். பல்லைப் பார்த்தார்கள், நகத்தைப் பார்த்தார்கள். சமையற்காரர் கன்னியப்பன் நகத்தையும் பார்க்கப் போய், அவர் கரண்டியோடு துரத்தினார். ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு கிணற்றடிக்கு வந்து, "பாய், தண்ணியில கால வெக்காதீங்க" என்றார்கள். எனக்கு வந்ததே கோபம்! "கால வெக்காம பறந்துக்கினா ரொப்புறது?" என்று கேட்டுவிட்டேன்.

6. அவர்கள் என்னோடு வாதாடவில்லை. மறுநாள் கிணற்றடி வேப்பமரத்தின் கீழ் ஒரு மேஜையைப் போட்டு, கலாசாலையிலிருந்து குழாய் வைத்த பூதக்கண்ணாடி ஒன்றைப் பிரின்ஸிபால் அனுமதியோடு கொண்டுவந்து வைத்தார்கள். என் மஷக்கிலிருந்தே தண்ணீர் எடுத்து, ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லின்மேல் விட்டு, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார்கள்.

7. ஐயா, இனி வருவதை ஆதிகேசவன் சுருக்கக் கூடாது என்று சொல்லியே சொல்கிறேன். அந்தச் சொட்டுக்குள் உயிர்கள் இருந்தன. பேரிக்காய் வடிவத்தில் உடம்பு. நெற்றி நடுவில் ஒரே கண், அதுவும் சிவப்பாக. இரண்டு பக்கமும் முட்டைப் பைகள். துள்ளித் துள்ளி நீந்தின. அவற்றில் ஒன்றின் வயிறு கண்ணாடியாகத் தெரிந்தது. அதற்குள்ளே சுருண்டபடி ஒரு நூல், நெளிந்தது. "அதான் பாய் நாரு. கால்ல வர்றதோட குட்டி" என்றார் நிசார் அஹமது. சுப்ஹானல்லாஹ் என்று என் வாய் தானாகச் சொன்னது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பிறந்ததிலிருந்து தண்ணீரோடே கிடக்கிறேன். தண்ணீருக்குள் இப்படி ஒரு படைப்பை ஆண்டவன் வைத்திருக்கிறான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பயமும் வந்தது, அழகாகவும் இருந்தது, கண்ணை எடுக்க மனம் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நகர்ந்தேன்.

8. நாங்கள் தண்ணீரில் விடுகிற காலிலிருந்து புழு தன் குட்டிகளைக் கொட்டுகிறதாம். அந்த ஒற்றைக்கண் பூச்சி அவற்றைத் தின்கிறதாம். பூச்சியை நாம் தண்ணீரோடு குடிக்கிறோமாம். அந்நிய ஆண்கள் முன் வராத கோஷா ஸ்திரீகளுக்கும் இது தெரிய வேண்டும் என்று, எங்கள் சந்தில் போர்வையைத் திரையாகக் கட்டி, கண்ணாடிக் குழாய் மட்டும் உள்ளே நீள வைத்து, பிள்ளைகள் வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். என் வீட்டாள் பில்கிஸ் பார்த்துவிட்டு வந்து என்னை ஏறிட்டாள். "இத்தினி வருசமா இதையா முதுகுல தூக்கினு வந்து என் பானையில ஊத்தின?" என்று கேட்டாள். லோகநாதன் வீட்டிலிருந்து நெருக்கமாக நெய்த துணி வந்தது. அதை மடித்துப் பானை வாயில் கட்டி வடிகட்டச் சொல்லி வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். பில்கிஸ் அன்று முதல் வடிகட்டாத தண்ணீரை என் கைக்குக்கூடத் தருவதில்லை.

9. அந்தக் கோடை விடுமுறையில் ஆஸ்டல் பிள்ளைகள் ஊருக்குப் போக, இந்த இருவரும் இன்னும் சிலரும் தங்கிவிட்டார்கள், படியை அடைப்பதற்காக. ஆனால் ஒரு கல்லை எடுப்பதற்கு முன் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். "படிய மூடிட்டா உங்க மஷக் எப்டி ரொம்பும் பாய்? அத மொதல்ல சொல்லுங்க" என்று கேட்டார்கள். என் தொழிலைப் பற்றி என்னிடமே கேட்டவர்கள் அவர்கள்தான். கிணற்று வாயில் வாளியால் இறைக்கக் கப்பி கட்டி, பக்கத்தில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல்தொட்டி வைத்தால் போதும் என்றேன். நிற்கவைத்து உயரம் அளந்தார்கள். பாலாற்றிலிருந்து மணல் சுமந்து, நிசார் அஹமதுவின் தகப்பனார் கொடுத்த சுண்ணாம்பைக் குழைத்து, கையெல்லாம் வெந்து கட்டினார்கள். இன்று நான் தரையில் நின்றபடி, கால் நனையாமல், முன்னைவிடச் சீக்கிரம் நிரப்புகிறேன். நான் ஜீவனத்துக்குத் திண்டாடும் லட்சணம் இதுதான்.

10. பிறகு ஏன் முறையீடு எழுந்தது என்று தாங்கள் கேட்கலாம். சுவர் கட்டிய அடுத்த கோடையிலும் நாரு வந்தது. வயிற்றுக்குள் போனது ஏறக்குறைய ஒரு வருஷம் உடம்பில் வளர்ந்துதான் வெளியே வரும் என்று பிள்ளைகள் முன்பே சொல்லியிருந்தார்கள். யார் காதில் வாங்கினார்கள்? "செவுரு கட்னீங்களே, நாரு பயந்துக்கினு ஓடிப்போச்சா?" என்று ஊரில் சிலர் கேலி செய்தார்கள். காலை நனைக்க இடமில்லாமல் போன ஆத்திரம் வேறு. தங்கள் ஆத்திரத்தை எழுதினால் எடுபடாது என்று, ஏழை பிஸ்தியின் வயிறு எரிகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதம் இத்தனை நாள் எங்கே தூங்கியதோ, இப்போது எழுந்து வந்திருக்கிறது.

11. அந்தக் கேலிக் கோடையில் எனக்கும் வந்தது, இடது காலில். இதற்கு முன் வந்தபோது அவசரத்தில் இழுத்துப் புழு அறுந்து, சீழ் பிடித்து, வலது முழங்கால் மடங்காமல் போனவன் நான். இந்த முறை நிசார் அஹமது தினமும் என் வீட்டுக்கு வந்தார். தரையில் உட்கார்ந்து என் காலைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். காய்ச்சிய தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி, தீக்குச்சியில் புழுவைச் சுற்றி, கொஞ்சம், மிகக் கொஞ்சம், வெளியே எடுத்து நிறுத்திக் கட்டுப்போட்டுவிட்டுப் போவார். அவர் தகப்பனாருக்கு முன்னால் நான் உட்கார்ந்ததுகூட இல்லை. "வேணாம் சின்ன மொதலாளி, எனக்கு ஒரு மாதிரி இருக்குது" என்றேன். "கால ஆட்டாதீங்க பாய், அறுந்துடும்" என்றார், அவ்வளவுதான். வெளியே தெருவில் அவரைக் கேலி செய்கிற சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. "இது போன வருசம் குடிச்ச தண்ணி. இந்த வருசத்து தண்ணி அடுத்த கோடையில பேசும்" என்று என் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். புழு முழுசாக வெளியே வந்த அன்று அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன். நான் அழுதுவிட்டேன்.

12. அடுத்த கோடை இந்த வருஷத்துக் கோடை. அது வந்தது, போனது. ஆஸ்டலில் ஒருவரும் நொண்டவில்லை. எங்கள் சந்திலும் ஒருவரும் நொண்டவில்லை. சுண்ணாம்புக் குழி ஆட்கள் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டு திகைத்துப் போயிருக்கிறார்கள். கேலி செய்தவர்கள் இப்போது வாயைத் திறப்பதில்லை. இதைக் கண்ணால் காண நிசார் அஹமதுவும் லோகநாதனும் இங்கே இல்லை, மதராஸில் மேல்படிப்பு. இப்போது சங்கத்தை நடத்தும் பிள்ளைகள் சுவரைக் காக்க முன்வந்தால் பரீட்சைக்கு அனுப்பமாட்டோம் என்று கலாசாலையில் எச்சரிக்கை செய்திருக்கிறார்கள். ஆகவே பேசுவதற்கு மீந்தவன் நான். எனக்குப் பரீட்சை இல்லை.

13. எனவே தாங்கள் கருணைகூர்ந்து, திங்கட்கிழமைக்குள் மேற்படி உத்தரவை நிறுத்திவைக்க வேண்டும். தாங்களாவது, ஜில்லா சுகாதார அதிகாரியாவது நேரில் வந்து கிணற்றையும் எங்கள் கால்களையும் பார்க்க வேண்டும். சுவருக்கு அனுமதி இல்லை என்பது குற்றமானால் இப்போது அனுமதி கொடுத்துவிட வேண்டும். வருகிற அன்று அந்தப் பூதக்கண்ணாடியில் தாங்களும் ஒரு முறை குனிந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஆதிகேசவன் இதைக் கேட்டுப் பேனாவை வைத்துவிட்டு, "தொரைய குனியச் சொல்லாத பாய்" என்கிறார். கிணற்றடிக்கு வந்தவர் எவரும் குனியாமல் அதைப் பார்க்கவில்லை ஐயா.

14. எனக்கு சைரா என்று ஒரு மகள். நாரு வரத் தொடங்கும் வயது அவளுக்கு. இந்தக் கோடை முழுதும் தினமும் மாலையில் அவள் இரண்டு கால்களையும் பாதத்திலிருந்து முழங்கால் வரை தடவிப் பார்த்தேன். ஒரு கொப்புளம் இல்லை. "கூசுதுப்பா, விடு" என்று உதறிக்கொண்டு ஓடிவிடுவாள். எங்கள் சந்தில் கோடையில் குழந்தைகள் இப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அவள் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். முதலில் கற்றது என் பெயர். திங்கட்கிழமை கடப்பாரையோடு வருகிறவர்கள் கையில் இருக்கும் காகிதத்தில் அந்தப் பெயர்தான் இருக்கும். அதை அவள் படிக்கும்படி செய்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீதியை நம்பிக் காத்திருக்கும்

கலீமுல்லா
(இடது கைப் பெருவிரல் ரேகை)

இடம்: ரஹ்மத்பேட்டை
தேதி: 9-8-1934

மேற்படி மனுதாரர் சொல்லச் சொல்ல எழுதி, அவருக்குப் படித்துக் காட்டி, சரியென்று அவர் ஒப்புக்கொண்ட பின் ரேகை வாங்கியவன்: ஆதிகேசவன், மனு எழுதுபவர். சுருக்கச் சொல்லியும் அவர் சம்மதிக்கவில்லை. எழுதி முடித்த பின் நானும் வற்புறுத்தவில்லை.