அவிழாத காப்பு

ஆடி 6, செவ்வாய்

புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டது. காலையில் திரௌபதி அம்மன் கோயிலில் ஊருக்கு முதலாக எனக்குத் தலைக்காப்பு. வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. மற்றவர்களுக்கு வெள்ளிக்கிழமை. அதற்கடுத்த வெள்ளி தீமிதி. மறுநாள் மஞ்சள் நீர் ஊற்றி அவிழ்ப்பார்கள். அதுவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் என் வீட்டு அடுப்பில் வெந்தது. வீட்டுக்காரி மல்லிகா செத்ததிலிருந்து நானே வடித்து நானே தின்பதுதானே.

ஆடி 8, வியாழன்

கோர்ட்டுத் தீர்ப்பு வந்துவிட்டது. எங்கள் கோயிலில் பெண்களும் காப்புக் கட்டித் தீ மிதிக்கலாம், யாரும் தடுக்கக் கூடாதாம். கேஸ் போட்ட மூன்று பேரில் என் மகள் சுமதியும் ஒருத்தி. எட்டு மாதமாகப் பேச்சில்லை.

சாயங்காலம் கமிட்டி. நான்தான் செயலாளர். ரத்தம் கொதித்தது. அம்மனுக்கு எது ஆகும் ஆகாது என்று கறுப்புக் கோட்டுக்காரர்களா சொல்வது? "தீ வளத்தாத்தான மிதிப்பாங்க? இந்த வருஷம் தீயே வாணாம்" என்றேன். ஒரே கைதட்டல். எல்லோரும் கை தூக்கினார்கள். முதலில் தூக்கியது நான், வலது கையை.

ஆடி 9, வெள்ளி

பூசாரி கன்னியப்பன் வந்தார். "அண்ணே, தீ இல்லன்னுட்டீங்க. ஒங்க கைல கீறத இன்னா பண்றது?"

அப்போதுதான் உறைத்தது. தீ மிதிக்காமல் அவிழாது.

"நான் அவுக்க மாட்டேண்ணே. எனக்கும் புள்ள குட்டி இருக்குது."

வேறு யாரும் கட்டிக்கொள்ளவில்லை. ஊரில் ஒரே காப்பு, என்னுடையது.

ஆடி 12, திங்கள்

வாங்க வேண்டியது: பச்சரிசி, கொசுவர்த்தி, பி.பி. மாத்திரை (பாகூரில்தான். யாரிடமாவது சொல்லி அனுப்ப வேண்டும்).

தபாலில் பத்திரிகை. தீர்ப்புக்கு முன்பே சுமதி போட்டிருக்கிறாள். பேத்திக்கு ஆடிப் பதினெட்டில் காதுகுத்து, திருபுவனையில். பின்பக்கம் பேனாவால்: "எனக்கு அண்ணன் தம்பி இல்ல. நீதான் மடில வச்சிக்கணும். சனிக்கிழமை உனக்குக் காப்பு அவுத்துடுவாங்க, அதான் ஞாயிறு வச்சேன்."

நாலு தடவை படித்தேன். கேஸ் போட்டவள் என் காப்புக்கு நாள் எண்ணியிருக்கிறாள்.

ஆடி 15, வியாழன்

கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போனேன். தீர்மானத்தை மாற்றலாமா என்று கேட்டேன்.

"இன்னாண்ணே, நீதான மொதல்ல கை தூக்கின? இப்பத் தீ வெச்சா ஒம்பொண்ணுதான் மொதல்ல எறங்கும். ஊரே சிரிக்கும்."

அவர் வீட்டில் கறிக்குழம்பு வாசனை. போராட்டம் எல்லோருக்கும், விரதம் எனக்கு மட்டும்.

மாத்திரை இன்னும் வரவில்லை.

ஆடி 18, ஞாயிறு

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எல்லைக் கல் வரை போனேன். பஸ் நின்றது. "ஏறலியா பெருசு?" தலையாட்டினேன். போய்விட்டது. ஒரு நூல் கயிறு, பல்லால் கடித்தால் அறுந்துவிடும். வாய் வரை கொண்டுபோனேன். முடியவில்லை.

பதினோரு மணிக்கு போன். சுமதி. பின்னால் குழந்தை அழுகிற சத்தம்.

"எங்கப்பா இருக்க?"

"எல்லக் கல்லாண்ட."

குழந்தையை யாரிடமோ கொடுக்கிற சத்தம்.

"வூட்டுக்காரரோட பெரியப்பா மடில வெச்சு ஒரு காதுதான் குத்தச் சொன்னேன். இன்னொரு காது ஒனக்கு. எப்ப அவுக்கறாங்களோ அப்ப வாப்பா."

வைத்துவிட்டாள். கல் மேலேயே உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

ஆடி 19, திங்கள்

தூறல். மாத்திரை தீர்ந்தது. கோர்ட்டு செய்தது தப்புதான். இன்றைக்கும் எந்த மேடையிலும் சொல்வேன்.

கமிட்டிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன், தீ வளர்க்கச் சொல்லி. பெண்கள் இறங்கினால் இறங்கட்டும் என்ற வரி மட்டும் வரமாட்டேன் என்கிறது. மூன்று தாள் கிழித்தாயிற்று.

எந்தக் காது பாக்கி என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.