பாகன் போன பிறகு

கிள்ளான்,
ஞாயிறு காலை.

அன்புள்ள நிவா அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். தினமும் வீடியோவில் பார்த்துக்கொள்கிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். போனில் பேசும்போது நிவா என் மடியில் உட்கார்ந்திருக்கிறாள், உங்கள் பக்கமோ அறை முழுக்க ஆட்கள். லீவு முடிந்து ராஜன் அண்ணன் புதன்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதையும் மிளகாய்த்தூளையும் கொடுத்தனுப்புகிறேன். தூளை ஒரே மாதத்தில் தீர்த்துவிடாதீர்கள்.

லிப்ட் மறுபடியும் பழுது. எட்டாவது மாடிக்கு ஏறி இறங்கியே இளைத்துவிட்டேன், நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் வேலை செய்யும் பிரிக்பீல்ட்ஸ் கடையில் தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிட்டது. சேலையைப் பிரித்துப் போட்டு மடித்தே கை வலிக்கிறது.

சொல்ல வந்தது வேறு. போன வாரம் சாலாக் செலாத்தானில் என் அண்ணன் வீட்டு அலமாரியை ஒழித்தபோது என் பழைய யானைக் கதைப் புத்தகம் கிடைத்தது. கல்யாணமான புதிதில் நான் கதை சொல்ல, நீங்கள் தூங்கிப்போனீர்களே, அதே புத்தகம். செல்லி என்ற யானையை மரம் வெட்டும் முகாமில் விட்டுவிட்டு, அதன் பாகன் பிழைப்புக்காக வேறு ஊர் போவான். பல வருடம் கழித்துத் திரும்புவான். செல்லி அவனைத் துதிக்கையால் வளைத்துக்கொள்ளும். சின்ன வயதில் நான் பாகனுக்காகத்தான் அழுவேன். பாவம், தனியாக எவ்வளவு கஷ்டப்படுகிறான் என்று தோன்றும்.

நேற்று நிவாவுக்குப் படித்துக் காட்டினேன். பாகனின் பயணத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். செல்லிக்கு மூன்றே வரி. "பாகன் போன பிறகு செல்லி யாருக்கும் தொந்தரவு தரவில்லை. வைத்ததைத் தின்றது. சொன்ன மரத்தைத் தூக்கியது." அடுத்த பக்கத்தில் அவன் திரும்பி வந்துவிடுகிறான். இந்த வரிகள் அங்கே இருந்ததே எனக்கு நினைவில்லை. பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை. கோபம்கூட வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நிவாதான் பேசினாள். "செல்லிக்குக் கூப்பிடணும்னுதாம்மா இருந்திருக்கும். பின்னாடி கூப்பிடக் கூடாதுன்னு யாராச்சும் சொல்லிருப்பாங்க" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. மெதுவாகக் கேட்டபோது சொன்னாள். நீங்கள் போன அன்று கார் கிளம்பும்போது, அப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தாளாம். எதிர்வீட்டு வீரம்மா அக்கா, "போறவங்கள பின்னாடி கூப்பிடக் கூடாது லா, அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிடும்" என்று தடுத்தாராம். அக்காவைக் குறை சொல்ல மாட்டேன், நாம் எல்லோரும் சொல்வதுதானே. ஆனால் அது வாசலோடு முடிகிற விஷயம் என்று இவளுக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் இன்னும் போய்க்கொண்டே இருப்பதாக நினைத்திருக்கிறாள்.

அதனால்தான் இந்த ஒன்றரை வருடமாக, எப்போது வருவீர்கள் என்று ஒரு தடவைகூட அவள் கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்பதோடு நிறுத்திக்கொள்வாள். ஏழு வயதில் எவ்வளவு பக்குவம் என்று நாம் இரண்டு பேரும் பெருமைப்பட்டோம். தொந்தரவே தராத பிள்ளை என்று டீச்சரும் சொன்னார்.

இன்னும் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவா என்று போன மாதம் கேட்டீர்கள். போடுங்கள், நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம் என்றேன். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இங்கே சம்பளம் குறைவுதான், வேலை உடனே கிடைக்காமலும் போகலாம். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

கூப்பிட்டால் அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். நம்பாமல் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டாள். இது உங்கள் கைக்கு வந்த பிறகு, வெள்ளிக்கிழமை நீங்கள் போன் செய்யும்போது, எப்போது வருவீர்கள் என்று அவளே கேட்கப் போகிறாள். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பதிலை என்னிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். அவள் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

முருகன் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

உங்கள்
மாதவி