ஒரு காட்சி மட்டும் என் குரல்

ஜனவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போன் செய்தபோது எடுத்தது நான்தான். "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். நான் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். உன்னைப்போல் போன் கண்ணாடியில் எழுத்தைக் குத்தி அனுப்ப எனக்கு வராது. அறுபது படத்துக்கு வசனத்தைக் கையால் எழுதியவனை இந்த வயதில் புதிதாகப் பழக்காதே.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்கிறார்கள். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டு, கழுத்தில் ஒரு துளை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். சமையல்காரம்மா என் கழுத்தைப் பார்க்காமல் பாலை வைத்துவிட்டு ஓடுகிறார்.

சினிமாவில் கூட்டத்தில் ஒருவனாக நிற்கப் போனவன் நான். "யாருய்யா அது கரகரன்னு? வாயை மூடிட்டு நில்லு" என்று விரட்டினார் அந்தக் கால டைரக்டர். அந்தக் கரகரப்புக்குத்தான் பிறகு நாற்பது வருடம் விசில் அடித்தார்கள். இப்போது அது ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியில் போயிருக்கும்.

படம்தான் கவலை. ஷூட்டிங் முடிந்துவிட்டது, டப்பிங் பாக்கி. ஸ்பாட்டில் நான் பேசியதை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது என்பது உனக்குத் தெரியும். நடித்துக்கொண்டே, "லைட்டை இறக்கு, நீ தள்ளி நில்லு" என்று டைரக்‌ஷனையும் சேர்த்துக் கத்துகிறவன். வசனமெல்லாம் அப்புறம், இருட்டில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பேசுவதுதான். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் சொன்னார், "பேச வேண்டியதெல்லாம் இந்த வாரமே பேசிடுங்க சார்." வீட்டு மனிதர்களோடு பேசச் சொன்னார் என்று நினைக்கிறேன். நான் டப்பிங் தியேட்டருக்குப் போனேன்.

ஒரு காட்சிதான் முடிந்தது. அதற்குமேல் ரத்தம் வந்துவிட்டது. மிச்சத்துக்கு ஆள் தேடுகிறார்கள்.

பேத்திக் குட்டிக்கு முத்தம்.

உன் அப்பா

*

ஜனவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று! கடைசியாகப் பார்த்தது என் பள்ளிக்கூட மார்க் அட்டையில்தான் என்று நினைக்கிறேன். அதுகூட உங்கள் மேனேஜர் போட்ட கையெழுத்தாக இருக்கலாம்.

போனில் தட்டியது நீங்கள் என்று தெரியாமல் போயிற்றே அப்பா. படித்ததும் வேலை ஓடவில்லை. பல் கட்டும் லேபில் ஒரு தப்பு ஆனாலும் முழுசாக வீணாகும்; அன்று இரண்டு பல்லை உடைத்தேன்.

கோபமில்லை, சும்மா கேட்கிறேன். டாக்டர் சொன்ன அந்த வாரத்தில் எனக்கும் ஒரு போன் போட்டிருக்கலாமே? "சாப்பிட்டேன், தூங்கினேன்" என்று ஏதாவது சொல்லியிருந்தாலும் போதும். உங்கள் குரலாக என்னிடம் ஒன்றுமே இல்லை. போனில் பழசைத் தேடிப் பார்த்தேன். எல்லாம் மேனேஜர் குரல்.

உடனே புறப்பட்டு வர ஆசைதான். இந்த நாட்டில் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம். அது கைக்கு வருமுன் வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள். கையைக் கட்டிப் போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

ஆள் யாரை வேண்டுமானாலும் போடட்டும் அப்பா. ஊர் ஏமாறலாம், நான் ஏமாற மாட்டேன். நிஜப் பல்லுக்குப் பக்கத்தில் கட்டின பல்லை வாசலில் நின்றே கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. என் அப்பா குரல் எனக்குத் தெரியாதா?

உங்கள் பாப்பா

*

பிப்ரவரி 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆள் கிடைத்துவிட்டார். மேடைகளில் என்னைப்போல் பேசியே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். தலையெல்லாம் நரை. நான் அவருக்கு ஜெராக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறேன். அதாவது சிலேட்டில் எழுதிக் காட்டினேன். மனிதர் அதை விருது மாதிரி வாங்கிக்கொண்டார்.

முதல் நாள் மைக் முன்னால் நின்று என் பழைய கோர்ட் வசனத்தை எடுத்து விட்டார். சவுண்ட் இன்ஜினியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானே என் வாயைத் தொட்டுப் பார்த்தேன் பாப்பா. பொய் சொல்லவில்லை.

அவருக்கு என் முப்பது வயதுக் குரல் மனப்பாடம். இந்தப் படத்தில் வரும் எழுபது வயதுக் கிழவனுக்கு அது எதற்கு? சிலேட்டின் ஒரு பக்கம் 'ஓகே', மறுபக்கம் 'ஒன் மோர்'. ஓகே பக்கத்தில் தூசி படிந்துவிட்டது. என் தலையைப் பார்த்ததுமே, "ஒன் மோரா ஐயா?" என்கிறார். முன்பெல்லாம் ஒரு ஏற்ற இறக்கம் தப்பினால் நானே பேசிக் காட்டிவிடுவேன். இப்போது கையை ஆட்டுகிறேன், மார்பில் தட்டிக் காட்டுகிறேன், கண்ணை உருட்டுகிறேன். அவர் பயந்துபோய் இன்னும் சத்தமாகக் கத்துகிறார். வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் வராத அழுகை. டிரைவர் ரேடியோவில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

உன் அப்பா

*

மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

காரில் அழுதீர்களா? படித்துவிட்டு நான் என்ன செய்வது, சொல்லுங்கள். கண்ணைத் துடைத்துவிடக்கூட இவ்வளவு தூரம் நீளும் கை எனக்கு இல்லையே.

அந்த அனுமதிக் காகிதம் இன்னும் வரவில்லை. கேட்டால், "காத்திருங்கள்." தினமும் அதே பதில்.

குட்டி உங்கள் பழைய படங்களாகப் போட்டுப் பார்க்கிறாள். வில்லனை நீங்கள் அதட்டினால் இவள் சோபாவுக்குப் பின்னால் ஒளிகிறாள். நான் வளர்ந்ததும் அப்படித்தானே. நீங்கள் ஊரில் இல்லாதபோது அம்மா என்னைத் தியேட்டருக்குக் கூட்டிப்போய், "அதோ பார், அப்பா பேசறார்" என்பாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் பாப்பா

*

மே 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

படம் வந்துவிட்டது. முதல் காட்சிக்கு என்னைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போய்க் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள், கழுத்தில் துண்டைச் சுற்றி. ஒரே விசில். எனக்கு முன்னால் இருந்தவர் பக்கத்து ஆளிடம் சொன்னார், "ஆபரேஷன்னு புரளி கிளப்பி விட்டாங்க. குரல் பாரு, சிங்கம்யா!"

இடைவேளையில் ஒரு பழைய நடிகர் வந்து கட்டிப்பிடித்தார். என்னோடு பதினைந்து படம் செய்தவர். "அப்படியே இருக்கேப்பா தொண்டை" என்றார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய? ஜெராக்ஸ் பெயரை டைட்டிலில் போடச் சொன்னேன். வியாபாரம் கெடும் என்று தயாரிப்பாளர் எடுத்துவிட்டார். சண்டை போடலாம் என்றால் எதை வைத்துப் போடுவது? சிலேட்டை வைத்தா?

அந்தப் படத்தில் என் குரல் இருப்பது ஒரே ஒரு காட்சியில். எது என்று இன்ஜினியருக்கும் ஜெராக்ஸுக்கும் எனக்கும்தான் தெரியும். ஒருத்தராவது கண்டுபிடிக்க வேண்டும் என்று இருக்கிறது பாப்பா. சின்னப்பிள்ளைத்தனம்தான். அங்கேயும் இந்த வாரம் படம் வருகிறதாம். பார்த்துவிட்டு எழுது. உன் கடிதம் வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது.

உன் அப்பா

*

மே 19

என் அன்பு அப்பாவுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்!

பஸ் ஸ்டாண்ட் காட்சி. வேலைக்குப் போன மகள் ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். நீங்கள் பையை வாங்கிக்கொண்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல், "சாப்டியா?" என்று கேட்கிறீர்கள். ஒரே ஒரு சொல். தியேட்டர் என்று பாராமல் வாய்விட்டு அழுதுவிட்டேன். பக்கத்துப் பெண்மணி தண்ணீர் கொடுத்தார். இதை எந்த ஜெராக்ஸாலும் சொல்ல முடியாது. இது என் அப்பா.

கோர்ட் காட்சியெல்லாம் அவர்தானே? பரவாயில்லை, நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கிழவர் கட்டிலில் உட்கார்ந்து மகளிடம், "நீ கிளம்பும்மா, நான் பாத்துக்கறேன்" என்கிற இடத்தில் அந்த ஆள் மானத்தை வாங்கிவிட்டார். மூச்சு வாங்குகிறது, சொல் பாதியில் உடைகிறது. வயதானவர் என்றால் இப்படித்தான் பேசுவார் என்று யாரோ உங்களைக் கிண்டல் செய்கிற மாதிரி இருந்தது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. நீங்கள் எப்படி அதற்கு ஓகே சொன்னீர்கள்? அதைமட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

சரிதானே அப்பா? சரி என்று ஒரு வரி போடுங்கள். அதைக் கண்ணாடி போட்டு மாட்டி வைப்பேன்.

என்றும் உங்கள் பாப்பா

*

ஜூன் 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

'சரி' என்று ஒரு வரி எழுதி, உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். இரண்டு நாள் மேஜைமேல் கிடந்தது. பொய்யான டேக்குக்கு ஓகே சொல்லிப் பழக்கமில்லாத கை. கிழித்துவிட்டேன்.

நீ அழுத 'சாப்டியா' ஜெராக்ஸ் பேசியது. அந்த ஒரு சொல்லுக்கு ஒரு பகல் முழுவதும் ஒன் மோர் காட்டினேன். என் படம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மாதிரி எடுத்துச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார், "கோவிச்சுக்காதீங்க ஐயா. உங்கள மாதிரி வேணாம், எங்கப்பா எங்கிட்ட கேக்கற மாதிரி கேட்டுப் பாக்கட்டுமா? வீட்டுக்கு எப்ப வந்தாலும் மொதல்ல அதான் கேப்பாரு." தலையாட்டினேன். அவர் சொன்னதும் சிலேட்டை ஓகே பக்கம் திருப்பிவிட்டேன்.

கட்டிலில் உட்கார்ந்து பேசுகிற கிழவன்தான் நான். டாக்டர் சொன்ன அந்த வாரம் பேசியது. அதற்குமேல் நன்றாகப் பேசத் தொண்டையில் ஒன்றும் மிச்சமில்லை.

உன்மேல் வருத்தம் என்று நினைத்துக்கொள்ளாதே. தியேட்டரில் கேட்ட குரலை நீ சரியாகத்தான் அடையாளம் கண்டிருக்கிறாய். வீட்டுக் குரலை நீ கேட்டதே இல்லை. கேட்காததை எப்படிக் கண்டுபிடிப்பாய்? இதைச் சொல்லி உன்னைச் சமாதானம் செய்ய வேண்டும் என்று போனை எடுத்துவிட்டேன் பாப்பா. எண்ணைக்கூட அழுத்திவிட்டேன். அங்கே மணி அடிக்க ஆரம்பித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வைத்துவிட்டேன்.

அப்பா